சந்தியாகு அத்தானுக்கு நான் எழுதிய சாவு

1

தூத்துக்குடியில் மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர் என்னிடம் கேட்டது நாலே நாலு பக்கம். பழைய பாட்டுகளைப் படித்துவிட்டு அதிலிருந்து இந்தக் காலத்து நாவல் எழுதுவது எப்படி, அதுவும் கடலுக்கு இந்தப் பக்கம் கொழும்பில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது எப்படி என்று வாசகர்கள் விசாரிக்கிறார்களாம். என் நாவல் அந்தப் பத்திரிகையில் பதினேழு அத்தியாயம் வந்து நின்றுபோய் நாலு வருஷம் ஆகிறது. காகிதத் தட்டுப்பாட்டால் நிறுத்தியிருக்கிறோம் என்று நண்பர் அப்போது அறிவிப்புப் போட்டு என் மானத்தைக் காப்பாற்றினார். காகிதம் இருந்தது. பதினெட்டாவது அத்தியாயம்தான் இல்லை. ஏன் இல்லை என்பதை இன்று எழுதுகிறேன். நண்பர் கேட்டது இது இல்லை; ஆனாலும் அவர் இதை ஒரு வரி விடாமல் போட வேண்டும்.

இன்று சகல ஆத்துமாக்கள் திருநாள், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் நாள். காலையில் வீட்டாரோடு பூசைக்குப் போனேன். உத்தரிக்கிற ஆத்துமாக்களின் பெயர்களை உபதேசியார் வாசிக்க ஆரம்பித்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மகள் ரோசலின் பின்னாலேயே வந்து, சுகமில்லையா என்று கேட்டாள். பன்னிரண்டு வயது, இங்கேயே பிறந்தவள். தூத்துக்குடியை ‘உங்கட ஊர்’ என்பாள். எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறேன். எங்கள் ஊர் என்று சொல்ல அவளுக்கு நாக்குப் புரளவில்லை. தலைவலி என்று அவளிடமும் ஒரு பொய் சொல்லிவிட்டு, டிராம் ஏறாமல் கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்தே வீட்டுக்கு வந்தேன். என் மனைவி குசினியில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்கிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

2

முதலில் நண்பர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் கொழும்புக்கு வந்து பதினேழு வருஷம். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. தோணிகளுக்கும் தோணியில் வருகிற ஆட்களுக்கும் பாரம், அதாவது ஆபீஸ் படிவம், நிரப்பிக் கொடுப்பது என் வேலை. செட்டியார் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில் அட்டை போன சங்கப் பாட்டுத் தொகுப்பு ஒன்று கிடைத்தது. அதில் கடற்கரைப் பாட்டுகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் மயக்கம் வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

கோபத்துக்குக் காரணம் இது. அந்தப் பாட்டுகளில் காத்திருக்கிறவள் எங்கள் கரைப் பெண். ஆனால் அவள் காத்திருப்பது தேரில் வருகிறவனுக்கு. எங்கிருந்தோ மணலில் சக்கரம் பதிய வருவான், ஊரார் வாய்க்கு அவளை விட்டுவிட்டுப் போவான், அவள் உருகுவாள். அவளுடைய அப்பனும் உடன்பிறந்தவனும் அதே நேரத்தில் கடலில் இருப்பார்கள். அவர்கள் கரை சேர்ந்தார்களா என்று, நான் படித்த அளவில், யாரும் ரொம்ப அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் தேருக்குக் காத்திருக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. மாதா தேருக்குக் காத்திருப்பார்கள், அது வேறு விஷயம். மற்றபடி காத்திருப்பது எல்லாம் வள்ளத்துக்கும் தோணிக்கும்தான். அந்தப் பழைய வாசனையோடு, ஆனால் கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கிறவளைப் பற்றி எழுதுவது என்று தீர்மானித்தேன்.

பழைய புலவர்களிடமிருந்து இரண்டு காரியம் எடுத்துக்கொண்டேன். ஒன்று, காதல் பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். பெயர் சொன்னால் அது ஒருத்தியின் சங்கதியாகிவிடும். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் சொந்தம். என் நாவலிலும் அவள், அவன் என்றே எழுதினேன். இன்னொன்று, அவர்கள் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார்கள். அவன் வந்தானா என்று சொல்லமாட்டார்கள். அந்த ஏக்கத்திலேயே நம்மை நிறுத்திவிடுவார்கள். இந்த இரண்டாவதுதான் என்னைக் கெடுத்தது. பாட்டுக்கு அந்தச் சலுகை உண்டு. பதினேழு மாதம் தொடர்ந்து படித்தவர்களிடம் நாவல்காரன் அப்படி எழுந்து போக முடியாது.

எடுக்கக் கூடாததையும் கொஞ்சம் எடுத்துவிட்டேன். முதல் அத்தியாயத்தில் புன்னை மரத்தடியில் அவளை நிறுத்தியிருந்தேன். பத்திரிகை தூத்துக்குடி திரேஸ்புரத்தில் என் அக்காள் வீட்டுக்கும் போகும். அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்து வாசிப்பாள். அடுத்த வாரமே ஒரு தோணிக்காரர் வந்து அக்காள் சொல்லிவிட்டதைச் சொன்னார். “இங்கன எங்கல இருக்கு புன்னை? உடைமரம்னு போடச் சொன்னாவ.” சிரித்துக்கொண்டே திருத்தினேன். அதற்குப் பிறகு மரம், காற்று, உப்பளம் எதையும் அவளுக்குப் பயந்துதான் எழுதினேன். எனக்கு வாய்த்த விமரிசகர்களில் அவளுக்கு மேல் யாரும் இல்லை.

3

அவள் பெயர் கித்தேரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் புருஷன் சந்தியாகு, எனக்கு அத்தான், முத்துக் குளிக்கிறவர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முத்துக் குளிப்பில், அதாவது நாங்கள் சலாபம் என்பதில், குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டினால் இழுத்துத் தூக்க வேண்டும். கண் அந்தண்டை இந்தண்டை போனால் ஆள் போனான். ஆகையால் கயிறு பிடிக்கிறவன் குளிக்கிறவனுடைய மனைவிக்கு உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள், பங்காளிச் சண்டை இருக்கும். கூடப்பிறந்தவள் தாலியைத் தன் கையாலேயே அறுக்க எவனுக்கும் மனசு வராது என்று கணக்கு.

சலாபம் நடந்த வருஷம் எனக்குப் பதினேழு வயது. அக்காளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அத்தானுக்கு நான்தான் கயிறு பிடித்தேன். முதல் நாள் தோணி ஏறுவதற்கு முன்னால் அக்காள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பருவம் முழுக்க நான் கயிற்றிலிருந்து கண் எடுக்கவில்லை. தண்ணீர் அழுத்தத்தில் அத்தானுக்கு இடது காது போனது. அது தவிர ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து அக்காளிடம் ஒப்படைத்தேன். என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று இப்போது படுகிறது.

அதற்கப்புறம் பாரில், அந்தக் கடலடித் திட்டில், சிப்பி விளையவில்லை, சலாபமும் இல்லை. நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். அத்தான் சில வருஷம் சங்கு குளித்தார், பிறகு தோணியில் வேலைக்குப் போனார். ஜப்பான்காரன் சண்டை இந்தப் பக்கம் வருவதற்குச் சற்று முன்னால், ரங்கூனில் அரிசி ஏற்றிவரக் கொழும்பிலிருந்து அவருடைய தோணி புறப்பட்டது. பாரத்தை நான்தான் நிரப்பினேன். எப்போதும்போல வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, தேயிலை வாங்கி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அந்தத் தோணி திரும்பவில்லை.

4

எத்தனை ஆபீஸ் ஏறினேன் என்று கணக்கில்லை. துறைமுகத்தில் கேட்டால் கடற்படையிடம் போ என்றார்கள். அங்கே கேட்டால் இந்தியாக்காரன் விஷயத்தை இந்தியா ஆபீஸில் கேள் என்றார்கள். அங்கே இருந்தவர் தோணி கொழும்பிலிருந்துதானே போனது என்று மறுபடியும் துறைமுகத்துக்கே அனுப்பினார். கடைசியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். நானே பாரம் நிரப்பிப் பிழைக்கிறவன், அதை நிரப்ப எனக்குத் தெரியவில்லை. ஆளின் பெயருக்கு எதிரே இரண்டு கட்டம்தான் இருந்தது: உயிருடன் இருப்பவர், இறந்தவர். இரண்டும் இல்லை, தெரியாது என்றேன். ஏதாவது ஒன்றில் போட்டுக்கொண்டு வா என்றார் அங்கிருந்த சிங்களவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட பாரம் அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் நான் அந்த நாவலை ஆரம்பித்தேன். காத்திருக்கிறவளைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். என் அக்காள் காத்திருந்தாள், நான் அதைப் பார்த்து எழுதினேன். தோணிக்காரர்கள் வந்து சொல்லும் ஒவ்வொன்றையும், அவள் இன்னும் தினமும் தலை வாருகிறாளாம், மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டாளாம், தோணி அடையும் பழைய பாலத்துப் பக்கம் போய் நிற்கிறாளாம் என்பதையெல்லாம், நான் அத்தியாயத்தில் சேர்த்தேன். அவள் துக்கத்தை அவளுக்கே அச்சடித்து அனுப்பினேன். எந்தப் பெயரும் போடாததால் அது பாவம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழாவது அத்தியாயம் வந்ததும் அவள் சொல்லிவிட்டாள். “கதையில அந்த ஆளு வாரானா இல்லையா? அத மட்டும் எழுதச் சொல்லு.”

5

எனக்கு எழுத வரவில்லை. வரவைத்தால் பொய்யாக இருந்தது. சாகவைத்தால் எழுதிய தாளைக் கிழித்துப்போட்டேன். இரண்டு மாதம் ஒரு வரி நகரவில்லை.

அந்த வருஷம் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு முந்திய வாரம், இங்கே கோயிலில் வழக்கம்போலச் சீட்டுப் பெட்டி வைத்தார்கள். செத்துப்போன நம் ஆட்களின் பெயரை எழுதிப் போட்டால் பூசையில் வாசித்து வேண்டிக்கொள்வார்கள். ஊரிலும் அப்படித்தான். அக்காள் மட்டும் அத்தான் பெயரைக் கொடுக்க மறுத்துவந்தாள். அந்தச் சீட்டில் பெயர் ஏறிவிட்டால் ஆள் செத்ததாக அர்த்தம், பிறகு பேச்சே கிடையாது.

நான் எழுதிப் போட்டேன். சந்தியாகு, தூத்துக்குடி.

ஏன் போட்டேன் என்று நாலு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்த பதில் இது: செத்துத்தான் போயிருப்பார், ஒருவரும் வேண்டிக்கொள்ளாமல் அந்த ஆத்துமா தவிக்கக் கூடாது. பாதி உண்மை. மறுபாதியை இப்போது சொல்கிறேன். அந்தப் பெயரைச் செத்தவர்கள் வரிசையில் வாசித்தால் காதுக்கு எப்படி இருக்கும் என்று கேட்க ஆசைப்பட்டேன். கேட்டால் பதினெட்டாவது அத்தியாயம் வந்துவிடும் என்று நினைத்தேன். கேட்டேன். உபதேசியார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அத்தியாயமும் வரவில்லை.

அந்தப் பூசையில் எங்கள் ஊர்த் தோணி ஆள் ஒருவர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு வாரத்தில் செய்தி திரேஸ்புரம் போய்விட்டது. துறைமுக ஆபீஸில் இருக்கிறவன், அதுவும் கயிறு பிடித்தவன், அவனே பெயர் கொடுத்திருக்கிறான் என்றால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அத்தான் வீட்டார் அழுதார்கள். எட்டாம் நாள் பூசை வைத்தார்கள். அக்காள் தாலியைக் கழற்றினாள். எல்லாம் முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் அத்தானின் அண்ணன் எனக்குக் கடிதம் எழுதினார்: தம்பி, நீங்கள் வர வசதிப்படாததால் உங்கள் பெயரையும் சொல்லி மெழுகுதிரி ஏற்றியிருக்கிறோம்.

நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தவக்காலத்தில் தோணி ஏறினேன்.

6

அக்காள் வெள்ளைச் சேலையில் இருந்தாள். அழவில்லை. மெலிந்திருந்தாள், ஆனால் முகத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு நிதானம் இருந்தது. சோறு போட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“நீ கயிறு பிடிச்சவம்ல. தெரியாம நீ கயித்த விடமாட்டன்னுதான் நான் கழத்திக் குடுத்தேன். இப்பச் சொல்லு, எப்படிப் போனாக?”

எனக்குத் தெரியாது அக்கா. இந்த மூன்று வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு முடியவில்லை. சொன்னேன், வேறு ஒன்றை.

ரங்கூனிலிருந்து புறப்பட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் என்றேன். குண்டும் இல்லை, சுறாவும் இல்லை, வெறும் காய்ச்சல். தோணியை நடத்துகிற தண்டல் தன் போர்வையைக் கொடுத்தார். ஆட்கள் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். விடிகிற நேரத்தில் அடங்கியது. குளிப்பாட்டி, புதுப் பாய்த்துணியில் சுற்றி, ஒருவர் தன் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியத்தைக் கழற்றிப் போட்டுவிட, கடலில் இறக்கினார்கள். பிறகு அந்தத் தோணி குண்டுபட்டு முழுகியது, தப்பிய ஒரே மாலுமி கொழும்பில் என் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னான், அவன் இப்போது எங்கே என்று தெரியாது.

“தண்ணி கேட்டாகளா?”

“கேட்டாக. குடுத்தாங்க.”

அக்காள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லும்போது தண்டலுக்கு ஒரு பெயரும் வைத்தேன், பாய்த்துணியின் நிறமும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். நான் எழுதியதிலேயே உயர்ந்தது அதுதான், நான் அதை எழுதவே இல்லை. புறப்படும்போது அக்காள் தன் கையால் ஓரம் தைத்த முகம் துடைக்கும் லேஞ்சி ஒன்றை என் பையில் வைத்தாள். நீ சொன்ன பிறகுதான் எனக்கு உறக்கம் வருது என்றாள்.

பதினெட்டாவது அத்தியாயத்தை அதற்குப் பிறகு எப்படி எழுத முடியும்?

7

போன வாரம் ஆபீஸில் ஒருவர் வந்து நின்றார். காயல்பட்டினத்துக்காரர், தோணி மாலுமி, பர்மாவில் அகப்பட்டுக்கொண்டு இப்போதுதான் ஒவ்வொரு துறைமுகமாக வேலை செய்து வந்து சேர்ந்திருக்கிறார். நான் பொய்யாக உண்டாக்கிய மாலுமி நிஜமாகவே என் மேசைக்கு முன்னால் நின்றார். பாரத்தில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் தூத்துக்குடி சந்தியாகுவின் மச்சானா என்று கேட்டார். ஆமாம், அவர் தவறிவிட்டாரே என்றேன். அவ்வளவு பழகியிருந்தது எனக்கு.

“மவுத்தா? ஒங்களுக்கு ஆரு சொன்னா? சண்டை முடிஞ்ச வருஷம் நானும் அவரும் மௌல்மீன்ல ஒரே கொட்டாயிலதான் கெடந்தோம்.”

ஜப்பான்காரர்கள் தோணியைப் பிடித்து ஆட்களை வேலைக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். இடது காது கேட்காத ஒரு தூத்துக்குடிக்காரர், எங்கள் ஊரில் காற்று எப்போது திரும்பும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருப்பாராம். நான் கொன்ற பிறகும் இரண்டு வருஷம் அவர் அங்கே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். சண்டை முடிந்ததும் ஒரு கூட்டம் கப்பல் தேடி ரங்கூனுக்கு நடந்து போனது, அதில் அவரும் போனார். இவருக்குக் காய்ச்சல், போகவில்லை. போனவர்களில் சிலர் போய்ச் சேரவில்லை என்று கேள்வி. அதற்கு மேல் தெரியாது என்றார். போகும்போது அத்தான் இவரிடம் சொல்லியிருக்கிறார்.

“‘என் மச்சான் கொழும்புல இருக்கான். அவங்கிட்டச் சொன்னாப் போதும், வீட்டுக்குச் சேந்துரும்’னாரு.”

நான் அவருக்கு ஒரு தேநீர்கூட வாங்கிக் கொடுக்கவில்லை. பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

8

வீட்டில் சொன்னேன். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆறின புண்ணைக் கிளறாதீங்க, அந்த அம்மா இப்பத்தான் சாப்பிட்டு உறங்குது, இவரு இருக்காரோ இல்லையோ, மறுபடியும் கடலப் பாக்க வைக்கப் போறீங்களா என்றாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை. ரோசலின் மட்டும் பள்ளிக்கூடத்துக் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள். “பிழையெண்டு தெரிஞ்சா திருத்திச் சொல்லத்தானே வேணும், அப்பா?” எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது.

அக்காளுக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றும் எழுத எழுத அழகாகிக்கொண்டே போனது. மன்னிப்புக் கேட்கிற இடத்தில்கூட நான் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். இன்னொரு பயமும் உண்டு. கடிதம் அவள் கைக்கு மட்டும் போனால் அவள் அதை அடுப்பில் போட்டுவிட்டு, என் மானத்துக்காக வாயை மூடிக்கொள்வாள். ஊரறிய அவள் தாலி கழன்றது. ஊரறியத்தான் இதையும் சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுப் பெண் உரக்க வாசிப்பாள், நாலு பேர் கூடியிருப்பார்கள். ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

பழைய இலக்கியத்திலிருந்து நாவல் எழுதுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நாவலை இனி எழுதமாட்டேன்.

அக்கா, நான் சொன்ன காய்ச்சல், போர்வை, உத்தரியம், விடிகிற நேரம், எல்லாம் என் கற்பனை. அத்தான் தண்ணீர் கேட்கவில்லை. அவர் அப்போது சாகவே இல்லை. இப்போது இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறார் என்று சொல்லி இன்னொரு கதை கட்டமாட்டேன். நீ காத்திருப்பதா வேண்டாமா என்பதையும் நான் சொல்லமாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இன்று காலை உங்கள் கோயிலிலும் நீ கொடுத்த சீட்டை வாசித்திருப்பார்கள். அதை நீயாக எழுதவில்லை. உன் கையைப் பிடித்து எழுதியவன் நான்.

ரங்கூன், மௌல்மீன், சிட்டகாங்கு, கல்கத்தா பக்கம் போய்வருகிற தோணிக்காரர்களுக்கு: சந்தியாகு, தூத்துக்குடி திரேஸ்புரம். வயது நாற்பத்து நாலு இருக்கும். முத்துக் குளித்தவர். இடது காது கேளாது, வலது பக்கம் நின்று பேச வேண்டும். எங்கேயாவது பார்த்தால், அல்லது இன்ன இடத்தில் அடக்கம் செய்தோம் என்று நிச்சயமாகத் தெரிந்தால், எனக்கு எழுத வேண்டாம். திரேஸ்புரத்தில் அவர் மனைவி கித்தேரியிடம் நேரே போய்ச் சொல்லுங்கள்.